எதிரிக்கு மூன்று கட்டம் முன்னால்: தாயத்தின் கணக்கு

தாயம் ஆடித் தோற்றவர் கட்டையைத் திட்டுவார். ஜெயித்தவர் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொள்வார். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உருட்டுவது நம் கையில் இல்லை, நகர்த்துவது நம் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதுதான் உருட்டி நகர்த்தும் எல்லா விளையாட்டுகளுக்கும் அடிப்படைக் கேள்வி. தாயம் அதற்குச் சொல்லும் பதில் மிக நுட்பமானது. அதன் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால், வெறும் பழக்கம் என்று நாம் நினைத்திருந்தவை காரணத்தோடு நிற்பது தெரியும்.

ஆடும் முறை

தரையில் சாக்பீஸாலோ கரியாலோ ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டால் 25 கட்டங்கள் கிடைக்கும். நான்கு பக்கங்களின் நடுக்கட்டத்திலும், மொத்தத்தின் மையக் கட்டத்திலும் குறுக்குக்கோடு போட வேண்டும். பக்கத்துக்கு ஒருவராக நான்கு பேர் வரை உட்காரலாம். குறுக்குக்கோடு போட்ட பக்கக் கட்டம் அவரவர் காய் இறங்கும் இடம். அங்கே நிற்கும் காயை யாரும் வெட்ட முடியாது. சில ஊர்களில் இதை மலை என்பார்கள். ஆளுக்கு நான்கு காய்கள். புளியங்கொட்டை, உடைந்த வளையல் துண்டு, சட்டைப் பொத்தான் என்று நிறம் பிரித்து அறிய முடிகிற எதுவும் காயாகலாம்.

காய் வெளிச்சுற்றின் 16 கட்டங்களையும் வலம் இடமாகச் சுற்றிவந்து, தன் வீட்டுக்கு முந்தைய கட்டத்திலிருந்து உள்ளே திரும்பும். உள்சுற்றின் 8 கட்டங்களை எதிர்த்திசையில் கடந்து மையத்துக்குப் போகும். மையம் சேர்ந்த காய் பழம். எல்லாக் காய்களையும் முதலில் பழமாக்கியவர் ஜெயித்தவர். ஏழுக்கு ஏழு கட்டம் போட்டால் 49 கட்டங்கள், நடுவில் ஒரு சுற்று கூடுதல்.

தாயக்கட்டை இரண்டு. பித்தளையில் செய்த, நான்கு பட்டை கொண்ட நீளக் கட்டைகள். ஒரு பட்டை வெறுமை. மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே உரசி உருட்டிவிட்டு, மேலே தெரியும் புள்ளிகளைக் கூட்ட வேண்டும். வெறுமையும் ஒன்றும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் சூன்யம் அல்ல, பன்னிரண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறக்கலாம். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தவருக்கு மறுபடி உருட்டும் உரிமை உண்டு. விழுந்த எண்களையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு, எந்த எண்ணை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்று அவர் தீர்மானிக்கலாம். எதிரி நிற்கும் கட்டத்தில் சரியாகப் போய் விழுந்தால் அந்தக் காய் வெட்டுப்பட்டு வெளியே போகும். வெட்டியவருக்கு இன்னொரு உருட்டு. ஒரு காயாவது வெட்டாமல் யாரும் உள்சுற்றுக்குள் நுழையக் கூடாது.

வீட்டுக்கு வீடு இதில் ஒன்றிரண்டு மாறும். இங்கே சொன்ன முறையை வைத்தே பின்வரும் கணக்குகள்.

இரண்டு கட்டையின் பாரபட்சம்

ஒரு கட்டைக்கு நான்கு பட்டை. இரண்டு கட்டைக்குமாகச் சேர்ந்து 16 விதமாக விழலாம். மூன்று என்ற கூட்டுத்தொகை 4 விதங்களில் வரும். இரண்டுக்கும் நான்குக்கும் தலா 3 விதம். தாயத்துக்கும் ஐந்துக்கும் தலா 2. ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் தலா ஒன்றே ஒன்று. அதாவது நடு எண்கள் அடிக்கடி விழும், ஓர எண்கள் அபூர்வம்.

மறுபடி உருட்டும் உரிமை எந்த எண்களுக்குக் கிடைக்கிறது என்று இப்போது பார்க்க வேண்டும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு: நான்குமே அபூர்வ எண்கள். 16-இல் 6 விதங்கள் இவற்றுக்குச் சேர்கின்றன. சாதாரணமான இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் கட்டை கை மாறிவிடும். அரிதாக வருவதைக் கொண்டாடுவது என்ற இந்த ஏற்பாடு தாயத்துக்கு மட்டும் உரியதன்று. கொரியக் குடும்பங்கள் புத்தாண்டு நாளில் ஆடும் யூட் விளையாட்டில் நான்கு மரக்குச்சிகளை எறிவார்கள். நான்கும் ஒரே மாதிரி விழுந்தால் பெரிய எண், கூடவே மறுஉருட்டு.

கணக்கை இன்னும் ஓரடி கொண்டுபோனால் வியப்பான ஒன்று கிடைக்கிறது. ஓர் உருட்டுக்குச் சராசரி 3.75 கட்டம். மறுஉருட்டு உரிமையால் ஒரு முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டு கிடைக்கிறது. பெருக்கினால் முறைக்குச் சரியாக 6 கட்டம். லூடோவில் ஒற்றைப் பகடையின் சராசரி 3.5, ஆறுக்கு மட்டும் மறுஉருட்டு என்பதால் முறைக்கு 4.2 கட்டம். தாயத்தின் வேகம் லூடோவைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு.

ஆனால் காய் இறக்கும் வாய்ப்பில் இரண்டும் ஒன்றே. லூடோவில் ஆறு விழ ஆறில் ஒரு வாய்ப்பு. தாயத்தில் ஓர் உருட்டில் ஒன்று விழ எட்டில் ஒரு வாய்ப்புதான். ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் காய் இறங்காவிட்டாலும் இன்னொரு தடவை உருட்டலாம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூடுதல் உருட்டுகள் சேர்ந்து முறைக்கு ஆறில் ஒன்றாக உயர்த்திவிடுகின்றன. வெவ்வேறு கருவிகள், வெவ்வேறு விதிகள், ஒரே காத்திருப்பு.

அந்தக் காத்திருப்பு சிறியதல்ல. ஆறு முறை ஆகியும் தாயம் விழாமல் இருக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. நான்கு பேர் ஆடினால், ஆறு சுற்று முடிந்தபின் ஒருவராவது வெளியே உட்கார்ந்திருக்கும் நிலை ஐந்து ஆட்டத்தில் நான்கில் வரும். ‘எனக்கு மட்டும்தான் விழவே மாட்டேங்குது’ என்று குழந்தை அழுவது ராசிக் குறைவால் அல்ல. யாராவது ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பதுதான் இந்த ஆட்டத்தின் இயல்பு. பன்னிரண்டு முறை ஆகியும் விழாதவர்கூட ஒன்பதில் ஒருவர் இருப்பார்.

தூரம் என்னும் அறிவு

எண்கள் சமமாக விழாததால் தாயத்தில் தூரத்துக்கு ஒரு பொருள் வந்துவிடுகிறது. ஒற்றைப் பகடை ஆட்டத்தில் எதிரியின் காய் நமக்கு இரண்டு கட்டம் பின்னால் நின்றாலும் ஐந்து கட்டம் பின்னால் நின்றாலும் நேரடியாக வெட்டுப்படும் வாய்ப்பு ஒன்றுதான்: ஆறில் ஒன்று. தாயத்தில் அப்படியில்லை.

எதிரிக்கு ஒரே காய் ஆட்டத்தில் இருக்கிறது, விழுவதையெல்லாம் அதற்கே கொடுக்கிறார் என்று கொள்வோம். மறுஉருட்டுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு முறையில் நம் காய் வெட்டுப்படும் வாய்ப்பு இப்படி வருகிறது:

- 1 கட்டம் முன்னால் நின்றால் நூற்றுக்குச் சுமார் 13
- 2 கட்டம்: 20
- 3 கட்டம்: 28
- 4 கட்டம்: 22
- 5 கட்டம்: 15
- 6 கட்டம்: 10
- 7 கட்டம்: 5-க்கும் கீழே

எதிரிக்கு மூன்று கட்டம் முன்னால் நிற்பதுதான் மிக ஆபத்தான இடம். மூக்குக்கு முன்னால், ஒரே கட்டத் தூரத்தில் நிற்பது அதில் பாதி ஆபத்துகூட இல்லை. பயந்தவர் இரண்டு கட்டம் தள்ளிப் போய் நின்றால் ஆபத்து இரட்டிப்பாகிறது. ஏழாவது கட்டத்தை எட்டிவிட்டால் ஒரே உருட்டில் அடிக்க வழியில்லை; ஐந்தும் இரண்டும், ஆறும் ஒன்றும் என்று சேர்ந்து விழ வேண்டும். பழகிய கைகள் இந்த அட்டவணை இல்லாமலே இதை அறிந்திருக்கும். கட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ‘அங்கே வைக்காதே, மூணு விழுந்தா போச்சு’ என்று பேரனுக்குச் சொல்லும் பாட்டி நிகழ்தகவைத்தான் சொல்லித்தருகிறார்.

ஓர் ஆட்ட நிலையை எடுத்துக்கொள்வோம். உங்கள் காய் ஒன்று வெளிச்சுற்றில் 11 கட்டம் கடந்து நிற்கிறது. எதிரி மூன்று கட்டம் பின்னால். உங்கள் மற்றொரு காய் இன்னும் வெளியே. உங்களுக்குத் தாயம் விழுகிறது, மறுஉருட்டில் இரண்டு. இரண்டையும் ஓடும் காய்க்கே கொடுத்தால் அது ஆறு கட்டம் முன்னால் போய்விடும். ஆபத்து 28-இலிருந்து 10 ஆகும். தாயத்துக்கு இரண்டாம் காயை இறக்கிவிட்டு, இரண்டை மட்டும் ஓடும் காய்க்குக் கொடுத்தால் அது ஐந்து கட்டம் முன்னால், ஆபத்து 15. இந்த ஐந்து சதவீத வித்தியாசத்துக்காகக் கடந்துவந்த தூரத்தில் நாம் பணயம் வைப்பது சராசரியில் ஒரு கட்டத்துக்கும் குறைவு. மறுபக்கம், இன்னொரு தாயம் விழ முறைக்கு ஆறில் ஒரு வாய்ப்புதான். ஆகவே காயை இறக்குவதே சரி. பயம் ஒரு வழியைச் சொல்லும், கணக்கு வேறு வழியைச் சொல்லும். தாயத்தில் திறமை என்பது பெரும்பாலும் இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான்.

தெரிவுகள் எத்தனை இருக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. ஒரே காய் வைத்திருப்பவருக்குத் தெரிவே இல்லை. அவருக்குக் கட்டை சொன்னதுதான் சட்டம். நான்கு காய்களும் ஆட்டத்தில் இருக்க, ஆறு, ஐந்து, மூன்று என மூன்று எண்கள் விழுந்தால் அவற்றைப் பகிர்ந்துகொடுக்க 64 வழிகள். ஆட்டத்தின் தொடக்கத்தில் அதிர்ஷ்டம் ஆளும். நடுவில் அறிவு ஆளும். ஒவ்வொரு காயாகப் பழமாகி ஒன்றே மிஞ்சும் கடைசியில் மறுபடி அதிர்ஷ்டம்.

வெட்டியே ஆகவேண்டும்

வெட்டாமல் உள்ளே போகக் கூடாது என்ற விதியை எடுத்துவிட்டால் தாயம் வேறு விளையாட்டாகிவிடும். மலையிலிருந்து மலைக்குத் தாவி, யாருடைய வழிக்கும் போகாமல் நான்கு காயையும் பழமாக்கிவிடலாம். நான்கு பேரும் அப்படி ஆடினால் அது நான்கு தனித்தனி ஓட்டம். ஒரே தரையில் உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். இந்த ஒரு விதி ஒவ்வொருவரையும் மற்றொருவரைத் துரத்த வைக்கிறது. பத்திரமாக மட்டும் ஆடுபவர் வெளிச்சுற்றிலேயே திரும்பத் திரும்ப நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான்.

குடும்பத்துக்குள் இந்த விதிக்கு வேறொரு வேலையும் இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையின் காயை வெட்டப் பெரியவர்களுக்கு மனம் வராது. வெட்டாவிட்டால் உள்ளே போக முடியாது என்கிறபோது அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை; தாத்தா வெட்டுவார், பிள்ளை அழும், அடுத்த சுற்றில் பிள்ளை தாத்தாவை வெட்டும். மாமியாரின் காயை மருமகள் வெட்டுவதும் அதே சட்டப்படிதான். வீட்டில் வேறெங்கும் எதிர்த்து நிற்க முடியாதவர்கள் இங்கே நிற்கலாம், வெட்டலாம், சிரிக்கலாம். விதி கட்டாயப்படுத்துவதால் யார் மேலும் பழி இல்லை.

தெரிவே இல்லாத பலகை

தாயத்துக்கு நேர் எதிரில் இருப்பது பரமபத சோபான படம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க அதை விரித்து உட்காரும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆளுக்கு ஒரு காய். விழுந்த எண்ணுக்கு நகர வேண்டும். ஏணியும் பாம்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆடுபவர் தீர்மானிக்க அதில் எதுவுமே இல்லை. அது குறையல்ல, அந்தப் படத்தின் தத்துவமே அதுதான்: நல்வினை ஏற்றும், தீவினை இறக்கும், உருட்டுகிறவன் சாட்சி மட்டும். பாம்பும் ஏணியும் என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குப் போனபோது படத்தின் சமயம் மெல்ல உதிர்ந்தது. தெரிவின்மை மட்டும் அப்படியே தங்கியது.

தெரிவு இல்லாத விளையாட்டைக் கணிதம் முழுமையாக விளக்கிவிட முடியும். அமெரிக்காவில் விற்கும் நூறு கட்டப் பலகையை மூன்று கணிதவியலாளர்கள் ஆராய்ந்து 1993-இல் எழுதிய கட்டுரையில், ஒருவர் ஆட்டத்தை முடிக்கச் சராசரியாக 39 நகர்வுகளுக்குச் சற்று மேல் ஆகும் என்று காட்டினார்கள். தாயத்துக்கு அப்படி ஒற்றை எண் சொல்ல முடியாது. யார் ஆடுகிறார்கள், எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும்.

லூடோ இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சோழி எறிந்து ஆடும் பச்சீசிதான் அதன் தாய். அக்பரின் ஃபத்தேபூர் சிக்ரி அரண்மனை முற்றத்தில் அதற்கான பெரிய கட்டம் கல்தளத்தில் பதித்திருப்பதை இன்றும் காணலாம். ஆங்கிலேயர் அதை எளிமையாக்கினார்கள். 1890-களில் ஆல்ஃபிரட் காலியர் என்பவர் லூடோவுக்குக் காப்புரிமை பெற்றார். சோழிகள் போய் ஒற்றைக் கனசதுரப் பகடை வந்தது. காய்களும் வெட்டும் மிஞ்சின. ஆனால் எல்லா எண்ணும் சமமாக விழுவதால் தூரத்தின் பொருள் பெரிதும் மறைந்துவிட்டது. கடையில் வாங்கிப் பிரித்த உடனே ஆடலாம் என்ற வசதிக்குக் கொடுத்த விலை அது.

கட்டையும் கையும்

இதுவரை சொன்ன கணக்கெல்லாம் கட்டை நேர்மையாக விழுகிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கனசதுரப் பகடை எந்தப் பக்கமும் புரளும். நீளக் கட்டை ஒரே அச்சில்தான் உருளும். அதற்கு நான்கே நிலைகள். கொஞ்ச தூரமே உருண்டால், எந்தப் பட்டை மேலிருக்க விட்டோம் என்பது முடிவைத் தொட்டுவிடும். ‘நல்லா உருட்டிப் போடு’ என்று எதிரில் இருப்பவர் அதட்டுவது இதற்காகத்தான். கைகளுக்கு நடுவே கட்டைகள் கலகலவென்று உரசும் அந்தச் சத்தம், ஏமாற்றவில்லை என்பதற்கு ஆடுபவர் கொடுக்கும் உறுதிமொழி.

சோழியோ ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையோ போட்டு ஆடினால் கணக்கே மாறும். நான்கு சோழி போட்டு எத்தனை வாய் மேலே தெரிகிறது என்று எண்ணுவது ஒரு முறை; நான்கும் கவிழ்ந்தால் எட்டு. கர்நாடகத்தின் சௌக பாராவும் ஆந்திரத்தின் அஷ்டா சம்மாவும் இப்படித்தான் ஆடப்படுகின்றன. சோழி சரிபாதியாக விழுந்தால் எட்டுக்கு 16-இல் ஒரு வாய்ப்பு. ஆனால் சோழி நாணயம் அல்ல. வாய் மேலாக விழுவது நூற்றுக்கு 40 என்று மட்டும் சற்றுச் சாய்ந்தாலும் எட்டு விழும் வாய்ப்பு இரட்டிப்பாகிவிடும். சோழி மாறினால் ஆட்டம் மாறும். பித்தளைக் கட்டை இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்துவிடுகிறது.

இவ்வகைக் கருவிகளின் வயது பெரியது. மெசபடோமியாவின் ஊர் நகரக் கல்லறைகளில் லியோனார்ட் உல்லி 1920-களில் தோண்டி எடுத்த இருபது கட்டப் பலகைகள் சுமார் 4,500 ஆண்டுப் பழமையானவை. அதே ஆட்டத்தின் பிற்கால விதிகளைக் கி.மு. 177-ஐச் சேர்ந்த களிமண் பலகை ஒன்றிலிருந்து இர்விங் ஃபிங்கல் படித்துச் சொன்னார். மொகஞ்சதாரோவில் பகடைகள் கிடைத்தன; நம் கீழடியில் யானைத்தந்தப் பகடையும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. கல்வியறிவில்லாமல் அவையில் பேசுவதை, கட்டம் கீறாமல் வட்டாடுவதோடு 401-ஆம் குறள் ஒப்பிடுகிறது. அதே வள்ளுவர்தான் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கி அதைக் கண்டித்தார். கட்டம் குற்றமல்ல, பணயம்தான் குற்றம். பணயத்தை எடுத்துவிட்டு வைத்துக்கொண்ட ஆட்டமே வீட்டுத் தாயம்.

விதியை யார் வைப்பது

தாயத்துக்கு அச்சிட்ட விதிப்புத்தகமோ தீர்ப்புச் சொல்லும் சங்கமோ தேவைப்பட்டதில்லை. திருமணமாகி வந்த பெண் தன் பிறந்த வீட்டு விதியையும் கூடவே கொண்டுவருவாள். முதல் ஆட்டத்திலேயே வழக்கு வரும். இந்தக் குழப்பத்தைச் சிலர் குறையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் அதுதான் இந்த விளையாட்டின் பலம். ஆடுகிறவர்களே விதியைத் திருத்த முடிவதால், வீட்டில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதற்கு ஏற்ப ஆட்டத்தை வெட்டித் தைத்துக்கொள்ளலாம்.

கணக்கு அதற்கு உதவும். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு காய் இறங்கிய இடத்திலிருந்து மையம் சேர 24 கட்டம் நகர வேண்டும். நான்கு காய்க்கு 96. முறைக்கு 6 கட்டம் என்றால் வெட்டு, காத்திருப்பு, வீணான எண்கள் எதுவும் சேராமலே ஆளுக்கு 16 முறை. ஏழுக்கு ஏழு கட்டத்தில் ஆளுக்கு ஆறு காய் என்று வைத்தால் ஒரு காய்க்கு 48, மொத்தம் 288. ஆளுக்கு 48 முறை. இரண்டுக்கும் வித்தியாசம் மூன்று மடங்கு. மின்சாரம் போன அரைமணி நேரத்துக்கு முதலாவது பொருந்தும், கோடை விடுமுறைப் பகலுக்கு இரண்டாவது.

சின்னப் பிள்ளைகள் ஆடும்போது முதல் காத்திருப்பைக் குறைக்க வேண்டும். ஐந்துக்கும் காய் இறக்கலாம் என்று வைத்தால் முறைக்கு ஆறில் ஒன்றாக இருந்த வாய்ப்பு ஏழில் இரண்டாகிவிடும்; சராசரிக் காத்திருப்பு ஆறு முறையிலிருந்து மூன்றரையாகக் குறையும். பெரியவர்கள் மட்டும் ஆடினால் மாறாக, காய் இறங்கும்வரை மறுஉருட்டு கிடையாது என்று வைக்கலாம். அப்போது வாய்ப்பு எட்டில் ஒன்று, ஒவ்வொரு தாயத்துக்கும் மதிப்பு கூடும். வெட்டுக் கட்டாயத்தை மட்டும் யாருக்காகவும் தளர்த்தக் கூடாது. அது போனால் மற்றவை இருந்தும் பயனில்லை என்பதை மேலே பார்த்தோம்.

எதை மாற்றினாலும் கட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மாற்ற வேண்டும். முதல் உருட்டு விழுந்தபின் சொல்லப்படும் விதி யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும், அங்கிருந்துதான் சண்டை. விதியை எல்லோரும் சேர்ந்து முன்கூட்டியே பேசி வைப்பது, அதன்பின் அது தனக்கே பாதகமாகத் திரும்பினாலும் கட்டுப்படுவது என்ற பழக்கம் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு முதன்முதலில் கிடைப்பது தாயக் கட்டத்தின் ஓரத்தில்தான். கட்டை விழுவதற்கு அவர்கள் பொறுப்பல்ல. விதிக்கும் நகர்த்தலுக்கும் பொறுப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, தோற்றதும் கட்டையைத் திட்டுவதற்குப் பதில், எங்கே மூன்று கட்டம் முன்னால் நின்றோம் என்று யோசிக்கத் தொடங்கும்.